எங்கள் டைகர் பரலோகத்தில் இருக்குமா?

கேள்வி:

எங்கள் வீட்டில் 13 வருஷம் இருந்த நாய் போன மாதம் இறந்துவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து, எதுவும் சாப்பிடாமல், எழுந்து நிற்கக்கூட முடியாமல் தவித்தது. கால்நடை மருத்துவர் சொன்னதன்பேரில் ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தோம். என் 9 வயது மகன் தினமும் கேட்கிறான்: "அம்மா, டைகர் பரலோகத்தில் இருக்குமா? நாம் போகும்போது அதைப் பார்ப்போமா?" சபை மூப்பர் ஒருவர், "மிருகத்துக்கு ஆத்துமா கிடையாது, செத்தால் அதோடு சரி, இதற்கெல்லாம் அழுவது விசுவாசிக்கு அழகல்ல" என்று சொல்லிவிட்டார். ஞாயிறு பள்ளியில் யாரோ என் மகனிடம், "நாய்கள் பரலோகத்துக்கு வெளியேதான் இருக்கும் என்று வெளிப்படுத்தலில் எழுதியிருக்கிறது" என்று சொல்ல, அவன் இரவெல்லாம் அழுதான். உறவினர் ஒருவரோ, எல்லா மிருகங்களுக்கும் பரலோகம் உண்டு என்று போப்பே சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்புகிறார். நான் எதை நம்புவது? மகனுக்கு என்ன பதில் சொல்வது? ஊசி போட்டது பாவமா?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனை அழவைத்த அந்த வசனத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதுதான் அவசரம். வெளிப்படுத்தல் 22:15 இப்படிச் சொல்கிறது: "நாய்களும், சூனியக்காரரும், விபசாரக்காரரும், கொலைபாதகரும், விக்கிரகாராதனைக்காரரும், பொய்யை விரும்பி அதின்படி செய்கிற யாவரும் புறம்பே இருப்பார்கள்." இது மனிதர்களைப் பற்றிய பட்டியல். அந்தக் காலத்தில் அசுத்தமாக நடப்பவர்களை 'நாய்' என்று சொல்வது வழக்கம். பவுலும் பிலிப்பியர் 3:2-ல் "நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்று எழுதுகிறார். சபைக்குள் வந்து குழப்பம் செய்த போதகர்களைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனவே உங்கள் டைகருக்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை இன்றைக்கே உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தை அந்தப் பாரத்தோடு இன்னும் ஒரு இரவு தூங்க வேண்டாம்.

போப் சொன்னதாக வந்த செய்தியும் சரியில்லை. 2014 நவம்பர் 26 அன்று போப் பிரான்சிஸ் தமது பொது உரையில் புதிய வானம், புதிய பூமி பற்றிப் பேசினார். படைப்பு முழுவதும் புதுப்பிக்கப்படும் என்பதுதான் அதன் சாரம். நாயை இழந்த ஒரு சிறுவனுக்கு அவர் ஆறுதல் சொன்னார் என்ற கதை அதோடு எப்படியோ ஒட்டிக்கொண்டு, அடுத்த மாதம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அப்புறம் அதே பத்திரிகைகள் திருத்தமும் வெளியிட்டன. அந்தச் சிறுவன் கதை பல வருடங்களுக்கு முன்பே ஆறாம் பவுல் என்ற போப்பைப் பற்றிச் சொல்லப்பட்டு வந்த ஒன்று. ஆனால் போப் பிரான்சிஸ் எழுத்திலேயே சொன்னது ஒன்று உண்டு. 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலின் 243-ஆம் பத்தியில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிமயமாக மறுரூபமாகித் தன் இடத்தைப் பெறும் என்கிறார். உங்கள் உறவினர் அனுப்பியதைவிட இது ஆழமானது. ஆனாலும் 'இன்னாருடைய நாய் நிச்சயம் அங்கே இருக்கும்' என்ற உத்தரவாதம் இதில் இல்லை.

இப்போது மூப்பர் சொன்னதற்கு வருவோம். 'மிருகத்துக்கு ஆத்துமா இல்லை' என்பதை நம் சபைகளில் பலரும் வேதவசனம் போலவே சொல்கிறார்கள். இந்தக் கருத்து இவ்வளவு அழுத்தமாக நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஒரு பெரிய காரணம். அவர் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி யோசித்தார். தாவரம், மிருகம், மனிதன் மூன்றுக்குமே ஆன்மா உண்டு என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் மிருகத்தின் ஆன்மா செய்யும் எல்லாமே உடலைச் சார்ந்தவை: பார்ப்பது, பசிப்பது, பயப்படுவது. உடல் போனால் அதுவும் போய்விடும். மனிதனின் அறிவு மட்டும் உடலைத் தாண்டிச் செயல்படுவதால் அவன் ஆன்மா உடல் அழிந்த பிறகும் நிலைக்கும் என்பது அவர் வாதம். புதுப்பிக்கப்பட்ட உலகத்தில் மிருகங்களும் தாவரங்களும் இருக்காது என்றுகூட அவர் எழுதினார். மரமும் பறவையும் இல்லாத ஒரு புதிய பூமி!

அக்குவினாஸ் மாபெரும் அறிஞர். அவரை மதிக்கிறேன். ஆனால் இந்த வாதத்தின் அஸ்திவாரம் தத்துவம். வேதம் இந்த இடத்தில் அவ்வளவு நிச்சயமாகப் பேசவில்லை. ஆதியாகமம் 2:7-ல் மனிதனுடைய நாசியில் ஊதப்பட்ட அதே ஜீவசுவாசம், பேழைக்குள் போன மிருகங்களுக்கும் உண்டு என்று 7:15 சொல்கிறது. பிரசங்கி புத்தகத்தை எழுதியவரோ இன்னும் துணிச்சலாகப் பேசுகிறார்: மிருகம் சாவதுபோலவே மனிதனும் சாகிறான், "ஜீவன்களுக்கெல்லாம் ஒரே சுவாசமிருக்கிறது." மனிதனுடைய ஆவி உயர ஏறுகிறது, மிருகத்தின் ஆவி தாழ இறங்குகிறது என்பதை "அறிகிறவன் யார்?" என்று அவர் கேட்கிறார் (3:19-21). மூப்பர் பதிலாகச் சொன்னதை வேதம் கேள்வியாக வைத்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். மிருகத்துக்கு அழியாத ஆத்துமா இருக்கிறதா என்று தேடுவதே இதற்குச் சரியான வழியல்ல. ஏனென்றால் நமக்கே நம்பிக்கை அங்கிருந்து வரவில்லை. நமக்குள் சாகாத ஏதோ ஒன்று இருப்பதால் நாம் பிழைப்போம் என்று அப்போஸ்தலர் யாரும் பிரசங்கிக்கவில்லை. 1 தீமோத்தேயு 6:16 தேவனை மட்டுமே சாவாமையுள்ளவர் என்கிறது. இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பின தேவன் நம்மையும் எழுப்புவார் என்பதுதான் நம் நம்பிக்கை. 1 கொரிந்தியர் 15 முழுவதும் இதைத்தான் சொல்கிறது. அப்படியானால் மரித்த எந்த உயிர் மறுபடி வாழும் என்பது அந்த உயிரின் தகுதியையோ அமைப்பையோ பொறுத்ததல்ல, அதை உண்டாக்கினவருடைய மனதைப் பொறுத்தது. மனிதனுக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான். கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: தாம் படைத்த மிருகங்களைப் பற்றித் தேவனுடைய மனம் எப்படிப்பட்டது?

இதற்கு வேதத்தில் பதில் நிறையவே இருக்கிறது. ஜலப்பிரளயத்துக்குப் பின் தேவன் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதல்ல. பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும் செய்யப்பட்டது (ஆதியாகமம் 9). ஓய்வுநாளைக் கொடுத்தபோது மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே இளைப்பாறுதல் கொடுத்தார் (யாத்திராகமம் 23:12). நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று யோனாவுக்கு விளக்கம் சொல்லும்போது, கர்த்தர் அங்கிருந்த "அநேக மிருகஜீவன்களையும்" கணக்கில் சேர்க்கிறார். "கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்" என்று சங்கீதம் 36:6 பாடுகிறது. இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்பட்ட அடைக்கலான் குருவிகளைப் பற்றி இயேசு சொன்னது உங்களுக்கே தெரியும்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" (லூக்கா 12:6).

இதன் உச்சம் ரோமர் 8-ல் வருகிறது. "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று எழுதும் பவுல், அந்தச் சிருஷ்டியும் அழிவுக்குரிய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்கிறார். இந்தப் பகுதியைச் சபையின் பெரியவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் தனியாக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது அப்போது தெரியும்.

இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரின் ஆயர் இரேனியு, ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும் என்ற ஏசாயா 11-ஐப் பற்றி எழுதினார். கொடூரமான மனிதர்கள் விசுவாசிகளாகிச் சாந்தமாவதற்கான உருவகம் என்று சிலர் அதை விளக்கியது அவருக்குத் தெரியும். இருந்தாலும் நீதிமான்கள் உயிர்த்தெழும் காலத்தில் நிஜ மிருகங்களுக்கே அது நிறைவேறும் என்றார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் மிகவும் எச்சரிக்கையானவர். படைப்புகள் தங்கள் தங்கள் இயல்புக்கு ஏற்ற மேலான நிலையை அடையும், ஆனால் தேவனுடைய பிள்ளைகளின் அதே மகிமையில் பங்குபெறாது, அது எப்படியிருக்கும் என்று அளவுக்கு மீறித் துருவ வேண்டாம் என்று எழுதினார். கால்வின் நிறுத்திய இடத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நிற்கவில்லை. 1781-ல், தமது முதிர்வயதில், இதே ரோமர் 8-ஐ வைத்து மிருகங்களின் விடுதலையைப் பற்றியே ஒரு முழுப் பிரசங்கம் எழுதினார். மனிதனுடைய வீழ்ச்சியால் தாங்கள் செய்யாத தவறுக்காக மிருகங்கள் இவ்வளவு துன்பப்படுகின்றன. அவை முதலில் படைக்கப்பட்டபோது இருந்த நிலைக்கு மட்டுமல்ல, அதைவிட உயர்ந்த நிலைக்குத் தேவன் அவற்றைக் கொண்டுவருவார் என்றார். தேவனை அறிந்து நேசிக்கிற திறனைக்கூட அவற்றுக்குக் கொடுக்கலாமே என்றார், அதை ஓர் ஊகமாகவே வைத்து. இந்தச் சிந்தனை நம்மை மிருகங்களிடம் இரக்கமுள்ளவர்களாக மாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம்.

சரி, படைப்பு புதுப்பிக்கப்படும், புதிய பூமியில் மிருகங்கள் இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அது டைகராக இருக்குமா? உங்கள் மகன் கேட்பது இதைத்தான். 'நாய்கள் இருக்கும்' என்ற பதில் அவனுக்குப் போதாது. அவனுக்கு அந்த ஒரு நாய் வேண்டும்.

உண்மையில் கடினமான இடம் இதுதான். இறந்துபோன ஒரு குறிப்பிட்ட மிருகம் எழுப்பப்படும் என்று வேதத்தில் எங்கும் நேரடியாகச் சொல்லப்படவில்லை. மறுபக்கத்திலும் வசனங்கள் உண்டு. சங்கீதம் 49 "அழிந்துபோகும் மிருகங்கள்" என்கிறது. 2 பேதுரு 2:12-உம் அதே தொனியில் பேசுகிறது. இரண்டுமே அறிவில்லாமல் நடக்கும் மனிதர்களைக் கண்டிக்க எடுத்த ஒப்புமைகள்தான், மிருகங்களின் முடிவைப் பற்றிய உபதேசம் அல்ல. ஆனாலும் நமக்குப் பிடித்த வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை ஒதுக்குவது நேர்மையாகாது.

கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-ல் இதற்கு ஒரு வழி யோசித்துப் பார்த்தார். மனிதனோடு வாழ்ந்து பழகிய மிருகம் தன் எஜமானோடுள்ள உறவில்தான் ஒரு தனித்தன்மையைப் பெறுகிறது. ஆகவே எஜமான் கிறிஸ்துவுக்குள் எழும்போது, அவனுக்குள் அதுவும் வாழலாம் என்றார். அவரும் இதை ஊகம் என்றே சொன்னார். உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் இதை முழுசாக ஏற்க முடியவில்லை. யாருமே பெயர் வைக்காத, யாருமே சோறு போடாத தெருநாயின் கதி என்ன? மனிதன் நேசித்ததால்தான் ஒரு மிருகம் பிழைக்கும் என்றால், நம் நேசத்துக்கு அளவுக்கு மீறிய இடம் கொடுத்துவிடுகிறோம். விற்பனைக்கு வைத்த அந்தக் குருவியையும் எந்த மனிதனும் நேசிக்கவில்லை. தேவன்தான் மறக்கவில்லை.

அதனால் என் பதில் இது. டைகரை உங்களோடு சேர்த்து எழுப்புவார் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எழுப்பமாட்டார் என்று சொல்ல மூப்பருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இரண்டும் சமம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு குருவியையும் மறக்காதவர், இயேசுவின் உயிர்த்தெழுதலில் மரணத்தை ஜெயித்தவர், "இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்" என்று சொன்னவர். அவரிடம் தைரியமாக இதை எதிர்பார்க்கலாம் என்று நம்புகிறேன். நானும் எதிர்பார்க்கிறேன். இதை உபதேசமாகப் போதிக்க வேண்டாம், நம்பிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நம்பிக்கை தவறு என்று உங்களைக் கண்டிக்க யாருக்கும் வேதத்தில் இடமில்லை.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பரலோகம் என்பது நாம் இழந்ததையெல்லாம் அப்படியே திரும்ப அடுக்கிவைக்கும் வீடு அல்ல. உயிர்த்தெழுதலில் கணவன் மனைவி உறவுகூட இங்கே இருப்பதுபோல் இருக்காது என்று இயேசு சொன்னார் (மத்தேயு 22:30). அங்கே எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பவர் தேவன். மற்ற சந்தோஷங்கள் எல்லாம் அவரிடமிருந்து வருபவை. இறந்த செல்லப்பிராணிகள் ஒரு வானவில் பாலத்தின் அருகே நமக்காகக் காத்திருக்கின்றன என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. உங்கள் மகன் எங்காவது அதைப் படித்துவிட்டு வந்தால், அழகான கதை என்று சொல்லுங்கள், ஆனால் அது வேதத்தில் உள்ளதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அழுவது விசுவாசிக்கு அழகல்ல என்று மூப்பர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. தாவீதின் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 12). ஓர் ஏழை வளர்த்த ஆட்டுக்குட்டி, அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் மடியிலே படுத்து, "அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது." அதை ஒரு பணக்காரன் பிடுங்கித் தன் விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். அந்த ஏழையைப் பார்த்து, ஒரு ஆட்டுக்காக இவ்வளவா என்று நாத்தான் கேட்கவில்லை. அந்த நேசத்தின் மதிப்பை தாவீது உணர்ந்துகொள்வான் என்று நம்பித்தான் கதையையே சொல்கிறார். தாவீதும் கோபத்தில் கொதித்தான். ஏழாம் நூற்றாண்டுத் துறவி சீரிய ஈசாக்கு, இரக்கமுள்ள இருதயம் எது என்று கேட்டபோது, பறவைகள், மிருகங்கள் உட்பட சகல படைப்புக்காகவும் எரியும் இருதயம் என்றார். எந்த உயிரும் வேதனைப்படுவதைப் பார்க்கத் தாங்காமல், ஊர்வனவற்றுக்காகக்கூடக் கண்ணீரோடு ஜெபிப்பவனுக்குத்தான் அந்த இருதயம் இருக்கிறது என்றார். 13 வருஷம் உங்களோடு வாழ்ந்த ஒரு ஜீவனுக்காக நீங்கள் ஒரு மாதம் அழுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஊசி போட்டது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. "நீதிமான் தன் மிருகஜீவனுடைய உயிரைக் காப்பாற்றுகிறான்" என்கிறது நீதிமொழிகள் 12:10. 13 வருஷமும் நீங்கள் செய்தது அதுதான். குணமாக வழியே இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு அதன் வேதனையை நீட்டிக்காமல் விட்டதும் அதே இரக்கத்தின் தொடர்ச்சிதான். மனிதர்களைப் பொறுத்தவரை உயிரை முடிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை என்று சபை போதிக்கிறது, நானும் அப்படியே நம்புகிறேன். மிருகங்களோ நம் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டவை. அந்தப் பொறுப்பின் மிகக் கஷ்டமான பகுதியை நீங்கள் செய்து முடித்திருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருக்கலாமோ என்ற நினைப்பு அடிக்கடி வரும். வரும்போது, அந்தக் கடைசி வாரம் அது எப்படித் தவித்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி மகனிடம் என்ன சொல்வது என்பது. 9 வயதுப் பிள்ளைக்கு 'தெரியாது' என்ற பதிலைத் தாங்கிக்கொள்ள முடியும், அதைச் சொல்பவர் பக்கத்தில் இருந்தால். என்னிடம் கேட்டிருந்தால் இப்படிச் சொல்வேன்: "டைகரை உண்டாக்கியது தேவன். நீ அதை நேசித்ததைவிட அவர் அதை அதிகமாக நேசிக்கிறார். அது பரலோகத்தில் இருக்கும் என்று பைபிள் நேராகச் சொல்லவில்லை. ஆனால் தேவன் உலகம் முழுவதையும் புதிதாக்கப் போகிறார் என்றும், ஒரு சின்னக் குருவியைக்கூட மறக்கமாட்டார் என்றும் சொல்லியிருக்கிறது. அதனால் பார்ப்போம் என்று அம்மா ஆசையோடு நம்புகிறேன். நீயும் நம்பலாம்." அவன் "நிச்சயமா?" என்று கேட்பான். அப்போது, "தேவன் நல்லவர் என்பது நிச்சயம்" என்று சொல்லுங்கள். அவனைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லாத ஒரு வசனத்தை இருப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். வளர்ந்தபின் அவன் வேதத்தைத் திறந்து தேடுவான். அது அங்கே இல்லை என்று தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிப்பான்.

இருவரும் சேர்ந்து ஒரு நாள் ஜெபம் பண்ணுங்கள். டைகரைக் கொடுத்ததற்காக நன்றி சொல்லுங்கள். அதை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் அவனே தன் வாயால் தேவனிடம் சொல்லட்டும். ஜெபத்தில் கேட்கக் கூடாத ஆசை அல்ல இது. வேறு நாய்க்குட்டி வாங்கிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று உடனே யாராவது சொல்வார்கள். அவனாகக் கேட்கும்வரை அதற்கு அவசரப்பட வேண்டாம்.

மூப்பரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார், சிறுவயதில் கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருப்பார். ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் மட்டும் கட்டாயம் பேசுங்கள். வெளிப்படுத்தல் 22:15-க்கு என்ன அர்த்தம் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அவர் ஒருமுறை விளக்கிச் சொன்னால் நல்லது. வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கும் பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் இருப்பார்கள், அவர்களும் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள்.